பதினாலு கிலோ

தீர்ப்பு வந்துவிட்டது. நேற்றுக் காலை தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் பழையபடி இருந்திருந்தால் பிரிக்கும் முன்பே உள்ளங்கையில் வைத்துப் பார்த்து இத்தனை கிராம் என்று சொல்லியிருப்பீர்கள். நான் அதை அலமாரியில் வைத்துவிட்டுப் பாப்பாவுக்குச் சோறு ஊட்டினேன். ஏழு வயதாகிறது, இன்னும் ஒரு வாய் இறங்க ஐந்து நிமிடம். அவளைச் சாய்த்துப் படுக்கவைத்த பிறகுதான் பிரித்தேன்.

நாம் ஜெயித்திருக்கிறோம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்கினேன்.

பட்டும் சரிகையும் எடை போட்டு வாங்கி, சேலையாக நெய்து எடை போட்டுக் கொடுக்கிற பிழைப்பு உங்களுடையது. "உன் கையில குடுத்தா போதும்பா, தராசு எதுக்கு?" என்பார் முதலாளி. அதில் உங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. காய்கறிக்காரம்மாகூட உங்களைக் கண்டால் படிக்கல்லைச் சரிபார்த்துக்கொள்வாள்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயதில், எடைக்கு எடை வெல்லம் தருவதாகக் குலதெய்வத்துக்கு வேண்டியிருந்ததைத் தீர்க்கப் போனோம். பதினாலு கிலோ வாங்கி வந்திருந்தீர்கள். வெல்லம் தீரும் முன்பே அவள் உட்கார்ந்திருந்த தட்டு மேலே போய்விட்டது. பூசாரி போதும் என்றார். "சாமிக்குன்னு வாங்கினத எப்டிங்க திருப்பி எடுத்துக்கினு போறது?" என்று மிச்சத்தையும் அடுக்கினீர்கள். பாப்பா உயரத்தில் இருந்து கை தட்டினாள். நன்றாகச் சிரிப்பாள் அப்போது.

அடுத்த வாரம் காய்ச்சல். மத்தியானம் வலிப்பு வந்தது. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "எவ்ளோ வெயிட்டு?" என்று நர்ஸ் கேட்டாள். "பதினாலு கிலோமா. போன வாரந்தான் தராசுல வச்சோம்" என்றீர்கள். அவள் எழுதிக்கொண்டாள். சுவரோரம் குழந்தைகளை நிறுக்கும் மெஷின் இருந்தது, அதில் யாரும் பாப்பாவைக் கிடத்தவில்லை. இரண்டு ஊசி போட்டார்கள். வலிப்பு நின்றது, கூடவே மூச்சும் நின்றது. மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழைய பாப்பா வரவில்லை.

சென்னையில் பெரிய டாக்டர் முதல் வேலையாக அவளை நிறுத்துப் பார்த்தார். ஒன்பது கிலோ சொச்சம். பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "பதினாலு கிலோவுக்கு உண்டான மருந்து போட்டிருக்காங்களே" என்றார். நீங்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

வழக்குப் போட ஒப்புக்கொள்ளவே ஒன்றரை வருடம் ஆக்கினீர்கள். "நாந்தானே சொன்னேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவங்களக் கேக்கறது?" வக்கீலம்மாதான் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: போலீஸுக்கும் போகலாம், மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுதலாம், நஷ்டஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் கோர்ட்டு, அதற்கு இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்தாக வேண்டும், கேஸ் ஷீட்டு கேட்டால் ஆஸ்பத்திரி தந்தே ஆக வேண்டும். கடைசியில், "நீங்க டாக்டராப்பா? எடை பாக்க வேண்டியது அவங்க வேலை" என்றார். கையெழுத்துப் போட்டீர்கள். ஆனால் நம்பவில்லை.

அதன் பிறகு நீங்கள் எதையும் கையில் வைத்து எடை சொல்லவில்லை. முதலாளி சேலையை நீட்டினால், "தராசுல போடுங்க" என்பீர்கள். போட்ட பிறகு இன்னொரு தடவை போடச் சொல்வீர்கள். போன ஆடியில் தறியில் இருந்தபடியே மார்வலி வந்து போய்விட்டீர்கள். நான் அப்போதும் அழவில்லை. ஊரே அதைப் பேசியது, பேசட்டும்.

தீர்ப்பில் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பதற்றத்தில் இருக்கும் தகப்பன் சொன்ன எடையை நம்பியதே சேவைக் குறைபாடு, அதே அறையில் எடைக்கருவி இருந்தும் நிறுக்காதது கவனக்குறைவு, பெற்றவர் மேல் பழி சுமத்த முடியாது என்று. இந்த வரிக்காகத்தான் நீங்கள் நாலரை வருடம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தீர்கள். பத்து மாதம் பிந்தி வந்திருக்கிறது.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் பதினாலு என்றபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்கு முந்தின நாள்தான் அங்கன்வாடியில் பாப்பாவை நிறுத்து, ஒன்பதே கால் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அட்டை என் பையில் இருந்தது. நீங்கள் சொல்வது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். எடை விஷயத்தில் உங்களுக்கு மேலே நான் என்ன பேசுவது என்று வாயை மூடிக்கொண்டேன். வக்கீலம்மா, "எடை சொன்னது யாரும்மா?" என்று கேட்டபோது, "இவருதாம்மா" என்று கையைக் காட்டினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அட்டையை அவரிடம் கொடுக்கவில்லை, உங்களிடமும் காட்டவில்லை.

தீர்ப்பு பன்னிரண்டு பக்கம். இரண்டு தடவை படித்துவிட்டேன். அதில் என்னைப் பற்றி ஒன்றுமே இல்லை.