தாளில் விரிக்காத சதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதிவிட்டுப் போக இந்தமுறை முடியவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் கோபப்பட்டுப் பாதியில் வைத்துவிடுவேன், நம் இருவரைப் பற்றியும் எனக்குத் தெரியாதா. அதனால் முழுதாக எழுதுகிறேன், முழுதாகப் படி.

அம்மாவின் வலது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்வதை நீ போனமுறை வந்தபோதே பார்த்தாய். டெரிஜியம்தான், வெயிலிலும் தூசியிலும் நிற்பவர்களுக்கு வருவது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆறு மாதத்தில் அது கருவிழிமேல் ஏறிப் பார்வையை மறைக்கத் தொடங்கியதால் பத்து நாளைக்கு முன் எங்கள் மருத்துவமனையிலேயே எடுத்தோம். எடுத்தவர் அவர்தான், நீ சின்ன வயதில் 'அப்பாவோட எதிரி' என்று பட்டம் வைத்த அதே தலைமை மருத்துவர். வெட்டிவிட்டு அப்படியே விட்டால் திரும்ப வளரும் என்பதால் மேல் இமைக்கு அடியிலிருந்து நல்ல சவ்வை எடுத்து அந்த இடத்தில் தையலில்லாமல் ஒட்டினார். கைத்திறமை உள்ள ஆள், அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் எட்டு வருடம் நான் இந்தச் சதைகளை மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, முந்நூற்றுச் சொச்சத்தில் ஏழில் புற்றின் ஆரம்பம் ஒளிந்திருந்தது என்று எண்ணிக் காட்டி, இனி ஒன்றைக்கூடக் குப்பையில் போடாதீர்கள் என்று சொன்னபோது 'வெறும் சதைய்யா இது' என்று சிரித்தவரும் அவர்தான். பிறகு அந்தக் கணக்கு ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தபோது முதல் பெயர் அவருடையது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் 'ஆய்வக ஊழியர்கள்' என்று போட்டிருந்தார்கள், அந்த ஊழியர்களில் ஒருவன் உன் அப்பா. பதினோரு வருடம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை.

அறுவை அறைக்குள் நானும் போயிருந்தேன், என் மனைவியின் சதை என் கைக்கே வரவேண்டும் என்று. இடுக்கியில் அதை நீட்டியபடி அவர், "இந்தாங்க, உங்க ஆராய்ச்சிக்கு ஒண்ணு" என்றார். அதைக் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டேன். நர்ஸ் சின்னத் தாள் ஒன்றை நீட்டினாள், அவரும், "தாள்ல விரிச்சு ஒட்டவிட்டுப் போடுங்க" என்றார். இருபது வருடமாக நான் மற்றவர்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த வேலை அது. விரிக்காமல் போட்டால், கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலினில் சதை சுருண்டு உருண்டைக் கட்டியாகிவிடும், அப்புறம் எது ஓரம் எது நடு என்று யாராலும் சொல்ல முடியாது. ஓரத்தில் நோய் இல்லையென்றால்தானே முழுதாக எடுத்தாயிற்று என்று அர்த்தம். "எனக்கு நீங்க சொல்லித் தர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தாளை வாங்காமல், சதையை அப்படியே பாட்டிலில் போட்டு மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் சொல்லிவிட்டாரே என்ற ஒரே காரணத்துக்காக, மகளே.

ஆய்வகத்தில் பாட்டிலைத் திறந்தபோது அது மிளகு மாதிரி சுருண்டு கிடந்தது. நான்கு நாளைக்கு முன், நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேல்தோல் செல்கள் ஓரிடத்தில் வரிசை தப்பி இருக்கின்றன, புற்றுக்கு முந்தைய நிலை, முழுதாக எடுத்திருந்தால் பயமில்லை என்றார். முழுதாக எடுத்தாச்சா என்று கேட்டேன். "ஓரமே தெரியலையே சார், யாரு இப்படிச் சுருட்டிப் போட்டது?" என்றார். மெழுகை உருக்கித் திருப்பிப் பதித்து, இன்னும் ஆழமாக நாற்பது சீவல் எடுத்தேன். ஒன்றிலும் ஓரம் கிடைக்கவில்லை. இனி மீதி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே வீரியமான சொட்டு மருந்து போடவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும், வருடக்கணக்காக.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. ஓரம் தெரியவில்லை என்று வீட்டில் சொன்னதும் அம்மா, "அந்த மனுஷன் ஒழுங்கா எடுக்கல, அதானே?" என்றாள். நாலு நாளாக அவரை அவள் காய்ச்சி எடுக்கிறாள், நான் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டுகிறேன். அவரோ விஷயம் தெரிந்தும் யாரிடமும் என் பெயரை எடுக்கவில்லை. டாக்டரம்மாவிடம், "என் அறையில நடந்தது, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், சிவப்பு இன்னும் வடியாத கண்ணோடு. கடைசித் துணி வரைக்கும் மடித்துவிட்டுத்தான் பேசினாள். "பதினோரு வருஷமா அந்த ஆள் மேல உள்ள கோபத்தைத் தலையில தூக்கிட்டு அலையறீங்க, பரவால்ல, அது உங்க தலை. இது என் கண்ணுங்க" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் அறையில் சொட்டு மருந்தை ஆரம்பிக்க வேண்டும். "முதல்ல நீங்க அவர்கிட்ட பேசுங்க. அதுக்கப்புறம்தான் நான் அந்த நாற்காலியில உக்காருவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா போனில் அழுதால் என் பக்கம் பேசாதே. நீ சாலை அளக்கப் போகும்போது கறுப்புக் கண்ணாடியும் அகல விளிம்புத் தொப்பியும் போடாமல் வெயிலில் நிற்காதே, கண் உறுத்தினால் அன்றைக்கே காட்டு. உன் கண்ணும் கையும் என்றும் நலமாக இருக்கட்டும், உனக்கு எந்தக் குறையும் வரவேண்டாம். அவரிடம் சொல்லவேண்டியதை வேறொரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'மதிப்பிற்குரிய' என்று நாலுமுறை எழுதி நாலுமுறை அடித்தாகிவிட்டது. கடைசியில் 'தப்பு என்னுடையது' என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா