முதலைக்குச் சொந்தம் எது

என் முதலைக்குட்டிக்கு அம்மா ஆசையாக எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் செருப்புப் பட்டறையும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன், திட்டுவதை இந்தப் பக்கத்தோடு முடித்துக்கொள். போன விடுமுறையில் விட்டுப்போனாயே, அந்த அழிந்துபோன மிருகத்தின் கணுக்கால் எலும்பைப் போலவே வார்த்த அச்சு, ஆராய்ச்சித் தேர்வுக்கு வேண்டும் அனுப்பு என்று எழுதியிருந்தாய். எடுத்துப் பார்த்தால் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஐயோ உடைந்துவிட்டதே என்று நம் பசையைப் போட்டு ஒட்டி, இறுக்கிக் கட்டி, வெயிலிலும் காயவைத்துவிட்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "அது உடையலடி, ரெண்டும் தனித்தனி எலும்பு" என்று தலையில் அடித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக என் ஒட்டு விட்டதில்லை என்று பெருமையடித்தவள், அரைநாள் உட்கார்ந்து சூடு காட்டின கத்தியால் அந்த ஒட்டையே பிரித்தேன்.

பிரித்த பிறகுதான் உன் கடிதம் என் மண்டையில் ஏறியது. ஒன்றில் சின்ன முளை, மற்றதில் அதற்கென்றே ஒரு குழி, வைத்துத் திருப்பினால் கதவுக் கீல் மாதிரி போகிறது. நீட்டு வாயோடு அசல் முதலையாகத் தெரிகிற இன்னொரு பழைய மிருகம் முதலைக்குத் தூரத்து உறவுதான், அதற்கு மூக்குத்துளை கூடக் கண்ணுக்குக் கிட்டே இருக்கிறது, நெட்டைக் காலும் குட்டை மூஞ்சியுமாக நிற்கிற இந்தக் கணுக்கால்காரன்தான் முதலைக்கு நெருங்கின சொந்தம், கணுக்காலும் இன்னும் பத்து எலும்பும் சொல்கிறது என்கிறாய் நீ. தேர்வுக்கு வரும் பெரியவர் முகத்தைப் பார் என்கிறாராம், அதனால் உன் ஆராய்ச்சிப் புத்தகத்திலிருந்து அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்கிறாய். நாலு வருஷ உழைப்பு, எடுக்கவே எடுக்காதே. நானும் எதிர்க்கடைத் தையல்காரியும் அக்கா தங்கையா என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், ஒரே கூன், ஒரே இடுங்கின கண், அது குனிந்து வேலை செய்ததில் வந்தது, எங்களைப் பெற்றவர்கள் கொடுத்ததில்லை. உன் சித்தியோ கொடிக்கம்பம் மாதிரி நடப்பாள், என் கூடப்பிறந்தவள் என்று சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்புவதில்லை. ஆனால் எங்கள் செருப்பைக் கவிழ்த்துப் பார், இருவருக்கும் இடது குதிகாலில் வெளி ஓரம்தான் தேயும், உனக்கும் அப்படியே. மீனைப் பிடித்துத் தின்கிறதுக்கு வாய் நீளத்தான் செய்யும், அதை வைத்துச் சொந்தம் கொண்டாடினால் எப்படி. பெரியவரும் விஷயம் தெரிந்தவராக இருப்பார், வாதாடாதே, எலும்பை அவர் கையில் கொடு, அவரே திருப்பிப் பார்க்கட்டும். அப்புறமும் இல்லை என்றால் ஏன் என்று கேட்டுக்கொள். நீயாகப் பயந்து மட்டும் ஒதுங்காதே. பொட்டலத்தைத் துணி சுற்றித் தைத்துக் காலையிலேயே தபாலில் போட்டாயிற்று, நடுவில் பிரிக்காமல் அவர் முன்னால் போய்ப் பிரி, ஒரு கெத்தாக இருக்கும்.

குளிருக்குக் காலுறை போட மறக்காதே. நினைத்தது நடந்து நீண்ட நாள் நன்றாக இரு என் கண்ணே.

இப்படிக்கு,
உன் செருப்புக்கார அம்மா

பி.கு. பொட்டலத்தைப் பெரியவர் முன்னால் பிரிக்காதே. முளை உள்ள எலும்பு பட்டறையில்தான் இருக்கிறது. போஸ்ட்மாஸ்டர் வீட்டம்மா ஒட்டக் கொடுத்துப்போன இடது செருப்புக் குதிகாலைத்தான் காணவில்லை. எலும்பு இந்தக் கடிதத்தோடு வருகிறது, தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அந்த அம்மா மத்தியானம் சாய்ந்து சாய்ந்து வந்து கேட்டார்கள். நாளைக்கு வாருங்கள் என்றேன். சாய்ந்து சாய்ந்து போனார்கள்.