கண்ணாடிக்காரர் துளை

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம். வயிறு மட்டும் எரிகிறது. மருந்து அனுப்பாதே, காரணம் தெரியும். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

புதைந்துபோன பழைய எரிமலைப் பாறையில் செம்பு தேடுகிறோம் அல்லவா? இடம் குறித்தவன் நான். எண்ணூறு மீட்டர் துளைத்தும் வெறும் பாறைதான் வந்தது. நிறுத்தச் சொன்னேன். நம் வீட்டுக்கு வந்து உன் சமையலைப் புகழ்ந்தாரே, அந்தக் கண்ணாடிக்காரர் துளைக்குள் மின்காந்தக் கருவியை இறக்கிப் பார்த்தார்.

"சார், அடியில ஏதோ இருக்கு. இன்னும் கொஞ்சம் போவோமா?"

"போங்க, உங்க மாமியார் வீடு வரும்" என்றேன்.

இன்னும் இருபதே மீட்டர் போனதும் செம்புத்தாது வந்தது, தங்கம்போல் மின்னிக்கொண்டு. இப்போது அதற்குக் 'கண்ணாடிக்காரர் துளை' என்றே பெயர். எல்லோரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக் கொடுத்தவன் நான்.

நீயும் போன கடிதத்தில், "அவரு பாவம், ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று கேட்டிருக்கிறாய். சாப்பிடுகிறார். என் பங்கையும் சேர்த்தே.

இங்கே தலையணை முரடாக இருக்கிறது. உன் பழைய புடவையில் ஓர் உறை தைத்து அனுப்பு. துவைக்க வேண்டாம். வண்டி ஹாரன் அடிக்கிறது, அவசரம். உறை ஒன்று போதும். இரண்டாக அனுப்பினால் ஒன்றை அவருக்குக் கொடுக்கச் சொல்வாய்.

உன் கணவன்