லாரிக்கு எந்தக் கல்

பாசமுள்ள தடியன் அண்ணனுக்கு, உன் குட்டிச்சாத்தான் தங்கை எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்பாவின் வலது கை எலும்பு இரண்டாகிவிட்டது. அம்மாவின் நெற்றியில் தையல். எனக்கு ஒரு பல் குறைவு. மற்றபடி நலம்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்பது அப்பாவின் உத்தரவு. நான் என்றைக்கு உத்தரவு கேட்டேன்?

சுரங்கத்தில் அப்பா வழக்கம்போலக் கடப்பாரையால் கூரைப் பாறையைத் தட்டிப் பார்த்திருக்கிறார். கெட்டிப் பாறை 'ணங்' என்னும். இது 'பொத்' என்றதாம். உள்ளே விரிசல். "யாரும் கீழ போகாதீங்கப்பா" என்று ஆட்களை நிறுத்தியிருக்கிறார். சூப்பர்வைசர் அந்தக் கடப்பாரையைப் பிடுங்கி, "இது எப்படிக் கேக்குதுன்னு சொல்லு" என்று அப்பாவின் கைமேல் இறக்கினான். பிறகு இரண்டு பேரை உள்ளே தள்ளினான். கூரை விழுந்தது. ஒருவரைப் பாதியாகத்தான் எடுத்தார்கள். அன்றிலிருந்து நம் ஆட்கள் ஒருவரும் வேலைக்கு இறங்கவில்லை.

நிர்வாகம் வெளியாட்களை லாரியில் ஏற்றி வந்தது. நாங்கள் கல்லால் வரவேற்றோம். பாறைப் பாடத்தில் நான் பெயில் என்று சிரித்தாயே, இப்போது கேள். படிவுப் பாறை தண்டம். மணற்கல் பட்டதும் உதிர்ந்து, முகத்துக்குப் பவுடர் பூசிவிடும், அவ்வளவுதான். கருங்கல் தீப்பாறை இனம். சொன்ன இடத்தில் போய் உட்காரும். வெள்ளைக் குவார்ட்ஸ் உடைந்தால் பிளேடு. நான் எறிந்தது பின்பலகையைப் பிடித்து நின்ற ஒருவனின் காதைக் கிழித்தது. அவன் "அம்மா" என்று கத்தினான். நம் அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்து ஒரு கல் எடுத்தாள்.

மாலையில் சுரங்கக் காவலாளிகள் வீடு வீடாகப் புகுந்து அடித்தார்கள். அம்மாவின் தையல் அப்போது வந்தது. நான் ஒருவனின் கட்டைவிரலைக் கடித்தேன். பல் அவனிடமே இருக்கிறது.

நேற்று உன் கடிதம் வந்தது. எங்கள் சுரங்கத்திலிருந்து வேறெங்கோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், நானும் பெயர் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மக்கு அண்ணா, அந்த வேறெங்கோ இங்கேதான். உங்கள் லாரி திங்கட்கிழமை வருகிறது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "லாரியில யார் இருந்தாலும் நிறுத்தித்தான் ஆகணும்" என்றார். அம்மாவோ லாரிக்கென்று நம் வீட்டுக் கூடையில் சேர்த்திருந்த கருங்கல்லையெல்லாம் கொட்டிவிட்டு, மணற்கல்லாகத் தேடித் தேடி நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் மற்ற வீட்டுக் கூடைகளில் கருங்கல்தான் அண்ணா.

ஏறாதே. ஏறிவிட்டால் வழியில் குதித்துவிடு. கால் உடைந்தால் அப்பா கைக்குத் துணையாக இருக்கட்டும். அதுவும் முடியாவிட்டால், தயவுசெய்து குனியாதே. குனிந்தவர்கள் முதுகெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. முகத்தைக் காட்டிக்கொண்டு வா.

உன் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்ற வேண்டுதலுடன்,
குறி தவறாத உன் தங்கை.