நீ காட்டிக்கொடுத்த என் காது

காரின் முன்சீட்டில், பெல்ட் போடாத குறையாக, இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மூடியைத் திறக்காமலே தெரியும், உள்ளே ஐஸ்கிரீம் இல்லை. பருத்தித்துறை வடை. பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் பொரிந்த வாசனை வண்டி முழுக்கச் சுற்றுகிறது. வீட்டு வாசலில் நிறுத்தி வெகுநேரமாகியும் இறங்க மனமில்லாமல், போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். என்னைப் பற்றி அவளுக்குப் புதிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

டப்பா உன் அம்மா கொடுத்தது. நீ போன பிறகும் டப்பா வருவது நிற்கவில்லை.

நாடு விட்டு வந்த நாம் சேர்ந்தது இந்த மனுரேவா குடோனில்தான். பிளஸ் டூவைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். நீ பேக்கிங் மேசையில் நின்றாய். ஸ்மோகோ என்கிற டீ இடைவேளையில் உன் ஊர்க்காரர் இருவரைச் சேர்த்து நால்வராக உட்கார்ந்து எனக்கு 304 சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தாய். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பல் முளைக்கும் முன்பே இந்த ஆட்டம் முளைத்துவிடும் என்றாய். விருதுநகர்க்காரனான எனக்கு முடி கொட்டிய பிறகும் முளைக்கவில்லை. "உம்மட முகம் கண்ணாடிச் சட்டி, ஐசே. உள்ளுக்க என்ன கொதிக்குதெண்டு வெளியில தெரியுது" என்பாய்.

பிறகு நீ நகரத்துச் சீட்டறையில் போக்கர் ஆடப் போனாய். முதலில் சனி, ஞாயிறு. அப்புறம் ஒருநாள் குடோன் வேலையை விட்டுவிட்டு, அதையே தொழிலாக எடுத்தாய். எனக்குப் பயமாக இருந்தது. உனக்கோ ஒரே ஒரு பயம்தான், அம்மா. சண்டைக்குள்ளிருந்து உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊர்வரை வந்தவர், "என்ர மகனுக்கு நிரந்தர வேலை" என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். வீட்டில் பொழுதுபோக்க 304 ஆடலாம். காசு வைத்து ஆடினால் அவர் அகராதியில் ஒரே சொல், சூதாடி. "சூதாடி வீட்டில விளக்கு நிண்டெரியாது" என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

"அம்மா கேட்டா, இன்னும் உம்மோட நைட் ஷிஃப்ட் எண்டு சொல்லும்" என்றாய்.

"ஏன்டா, உலகத்துலயே பொய் சொல்ல வராத ஆளைத் தேடிப் புடிச்சியா?"

"ஓம், அது உண்மைதான். பொய் வரேக்க உம்மட கை இடது காதுக்குப் போகுது. கவனிச்சனீரோ?"

கவனிக்கவில்லை. நாற்பது வயதுவரை என் காதைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. அன்று நீ இன்னொன்றும் சொன்னாய். "மேசையில ஒருத்தன்ர பழக்கம் இப்பிடிப் பிடிபட்டா, உயிர் போனாலும் மற்றவனுக்குச் சொல்லமாட்டன். அதுதான் என்ர சோறு."

வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார். "தம்பி, வேலை எப்பிடிப் போகுது? இந்தாரும், ஷிஃப்டில ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ." சீட்டறைக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே டப்பா முழுக்க எனக்கே. உன் தொழிலால் நீ பெருத்தாயோ இல்லையோ, என் இடுப்பு பெருத்தது.

ஒருமுறை உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தேன். யாராவது எழுந்து மேசையைக் கவிழ்ப்பார்கள் என்று ஆசையோடு நின்றேன். நீ சாம்பல்நிற ஸ்வெட்டரில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல் உட்கார்ந்திருந்தாய். சீட்டு வரும், ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பாய், தள்ளிவிடுவாய். மறுபடி வரும், தள்ளிவிடுவாய்.

"என்னடா, வர்றதையெல்லாம் தூக்கிப் போடுற?"

"எறியிறதுதான் ஐசே வேலை. விளையாடுறது இடைக்கிடை."

மெல்போர்ன் போனாய், மக்காவ் போனாய். மெல்போர்னில் வென்ற கோப்பையை அம்மா கண்ணில் காட்ட முடியாமல் என் வீட்டில் வைத்தாய். என் மனைவி அதில் கரண்டிகளைச் செருகி வைத்தாள். தோற்கும் மாதங்களில் எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்து என் மகளுக்குக் கணக்குப் போட்டுக்கொடுப்பாய். அம்மா உன்னைப் பற்றி என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று மட்டும் விசாரிப்பாய். தோற்றது வலிக்காத முகம், அதைக் கேட்கும்போது மட்டும் வாடும்.

பிறகு உன் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. ஐம்பதைக்கூட நீ தொடவில்லை.

உன்னை வைத்திருந்த மண்டபத்துக்கு நம் ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். உன் ஆட்கள் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சீனர்கள், மாவோரிகள், மேசையில் சீட்டுப் பகிர்ந்து போடும் பெண்கள் இருவர், கதவை அடைத்துக்கொண்டு ஒரு டோங்காக்காரர். அவர் நேராக உன் அம்மாவிடம் போய், மண்டியிட்டு, அழுதுகொண்டே ஆங்கிலத்தில் பேசினார். உங்கள் மகனைப்போலப் பொறுமைசாலியை எங்கள் மேசையில் பார்த்ததில்லை. தோற்றவனைப் பார்த்து அவன் ஒருநாளும் சிரித்ததில்லை என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்லுறார், தம்பி?"

"வந்தும்மா... பேக்கிங் மேசையில அவனை மாதிரிப் பொறுமையா வேலை பாக்குற ஆளே இல்லைங்கிறாரு."

"காதை விடும், தம்பி."

கை காதில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"விட்டிட்டுச் சொல்லும். நீர் பொய் சொல்லேக்க காதைப் பிடிக்கிறனீர் எண்டு அவன் எப்பவோ சொன்னவன், சிரிச்சு சிரிச்சு. அண்டையில இருந்து நான் உம்மட வாயைப் பாக்கிறதில்லை. அவன் குடோனில இல்லையெண்டு தெரியும். எங்க போறான் எண்டுதான் தெரியேல்லை. கேக்கப் பயமா இருந்தது."

கையைக் கீழே போட்டேன். "சீட்டு விளையாடினான்மா. அதுதான் அவன் தொழில். இவங்கல்லாம் கூட ஆடுனவங்க."

அந்தச் சொல் வரும் என்று தலையைக் குனிந்து நின்றேன். வரவில்லை. அவர் உன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கெட்டிக்காரனோ?"

"பெரிய ஆளும்மா. ஆனா முக்கால்வாசி நேரம் ஆடவே மாட்டான். நல்ல சீட்டு வர்ற வரைக்கும் பேசாம உக்காந்திருப்பான்."

"ஓம்" என்றார். "304-இலும் அப்பிடித்தான். நல்ல சீட்டு வராம ஏலம் கேக்கவே மாட்டான். என்ர பிள்ளை." அதற்குப் பிறகுதான் அவர் அழுதார்.

ஒருவனின் பழக்கத்தை உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்றவன், என் காதை மட்டும் எப்படி உளறினாய்? நான் இதைப் பல நாள் யோசித்தேன், ஃபோர்க்லிஃப்டை இரண்டுமுறை தூணில் இடித்தேன். நீ உளறவில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஆகவே என் காதைக் கொடுத்துவிட்டுப் போனாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் காதைப் பிடித்துக்கொண்டு "சரிடா" என்றிருப்பேன்.

உன்னைப் பார்த்து நானும் செய்தேன். என் மகளிடம் நானே காதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இப்போது அவள் என்ன கேட்டாலும் முதலில் அங்கேதான் பார்க்கிறாள். "டாட், இயர்!" என்கிறாள். வீட்டில் பொய் சொல்லிப் பிழைக்க வழியில்லாமல் போய்விட்டது. அப்பாக்களுக்கு இது சிரமமான வாழ்க்கை. ஆனால் அவளும் இப்போது என்னிடம் ஒன்றிரண்டு உண்மை சொல்கிறாள்.

கோப்பையைக் கரண்டி வாசம் போகக் கழுவி அம்மாவிடம் கொடுத்தேன். உன் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதன் முன்னால் விளக்கு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் அவர் வீட்டு மேசையில் இருவர் ஆடும் விதமாக 304 ஆடுகிறோம். எல்லா ஆட்டத்திலும் தோற்கிறேன்.

இன்றைக்குச் சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார். "தம்பி, நான் தந்துவிட்ட வடையெல்லாம் அவன் சாப்பிட்டவனோ?"

"ஒண்ணு விடாமச் சாப்பிட்டான்மா."

அவர் கண் என் கையைப் பார்த்தது. கை எங்கே இருந்ததென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காதை விடும் என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"இதையும் கொண்டுபோம்" என்றார்.