செத்த முருங்கையில் காளான்

ஜூலை 7, திங்கள்
விடாத தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: பால், பி.பி. மாத்திரை, பாத்ரூம் பல்பு.
என் மனைவி ஜெசிந்தா இன்றும் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் மகள் ரீனா பள்ளியில் படிக்கும்போது நட்ட கொம்பு. ரீனாவை டெங்கு கொண்டுபோன மாதமே மரமும் காற்றில் முறிந்தது. "முருங்கதானேங்க, துளிர்த்துக்கும்" என்பாள் அவள். ஒடித்தால் வளரும் மரம்தான். இது ஏனோ வளரவில்லை. பல் துலக்க அங்கேதான் நிற்பேன். இன்று பட்டையில் பழுப்பாக ஏதோ, காது மடல் மாதிரி. தொட்டால் கொழகொழ.

ஜூலை 8, செவ்வாய்
மாடியில் குடியிருக்கும் மாவீ, மிசோரம் பெண், பியூட்டி பார்லர் வேலை. மரத்தைப் பார்த்துத் துள்ளினாள். "அங்கிள்! இது காளான். எங்க ஊர்ல சூப் போடும். செத்த மரத்துலதான் வரும்." தக்காளி விலை சொல்வதுபோல் சொல்லிவிட்டாள். நல்லவேளை, ஜெ. குளித்துக்கொண்டிருந்தாள்.
ஊற்றிய தண்ணீரெல்லாம் இதற்குத்தான் போயிருக்கிறது.

ஜூலை 9, புதன்
ஜெ. எழுவதற்குள் எல்லாவற்றையும் கிள்ளி, பேப்பரில் சுற்றி, மாவீயிடம் கொடுத்தேன். பட்டையை ஈரத்துணியால் துடைத்தேன். இந்த வயதில் திருட்டுத்தனம். ஜெ. வந்து ஒரு குடம் ஊற்றினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்
கோயிலில் திருவிழாக் கூட்டம். தெருவில் ஆட்டோ நுழைய இடமில்லை. நான் போகவில்லை. கடவுளிடம் கேட்க இனி என்ன இருக்கிறது. மறுபடி முளைத்திருந்தது. மறுபடி கிள்ளினேன்.

ஜூலை 12, சனி
மழை. மாவீ கிண்ணத்தில் சூப்போடு வந்தாள். நான் தடுப்பதற்குள், "ஆன்ட்டி, உங்க மரத்துது!" ஜெ. முழுவதும் குடித்தாள். மாவீ போனதும், கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே:
"நீங்க கிள்றத ஜன்னல்லருந்து பாத்துட்டுதான் இருந்தேன். மரம் செத்தது எனக்கு எப்பவோ தெரியுங்க."
"தெரிஞ்சா ஏன் ஊத்தினே?"
"தினம் அதுகிட்டயே போய் நிக்கறீங்க. இப்ப தொடச்சு வேற வெக்கறீங்க. சரி, இவருக்காவது நம்பிக்கை இருக்கேன்னு ஊத்தினேன்."
அவள் நம்புகிறாள் என்று நான். நான் நம்புகிறேன் என்று அவள். இந்த வீட்டில் யாருமே நம்பவில்லை. தாங்க முடியவில்லை. மாத்திரை போட மறந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு
நல்ல வெயில். குடம் குழாயடியில் கவிழ்ந்து கிடக்கிறது. பல் துலக்கியது பாத்ரூமில். பல்பு இன்னும் மாற்றவில்லை.
மாடியிலிருந்து மாவீ: "ஆன்ட்டி, இன்னிக்கு தண்ணி ஊத்தல? காஞ்சா வராது!"
ஜெ. என்னைப் பார்த்தாள். பல்பு வாங்கிவரப் பையை எடுத்தேன்.