உங்கள் காக்காவின் தொய்வு

திருக்கோணமலை,
12.08.1966

அசனாவின் வாப்பா ஸெய்னுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் சுகமாக இருப்பதாகவும், கடையில் சம்பளம் கூட்டியதாகவும் எழுதியிருந்தீர்கள். நல்லது. இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இருந்து எழுதுகிறேன். பிள்ளை கண்ணைத் திறந்தபடி கிடக்கிறாள், என்னைத் தெரியவில்லை. சயமாம். அந்தச் சயரோகம் நெஞ்சிலிருந்து மூளைக்கு ஏறிவிட்டதாம். தப்பினாலும் நடப்பாளோ, கதைப்பாளோ, இப்போது சொல்ல ஏலாது என்கிறார் டொக்டர்.

போன மாதமே காய்ச்சலும் மெலிவுமாய் இருக்கிறாள் என்று மூதூரிலிருந்து லாஞ்சிப் படகு ஏறி இவளைக் கொண்டுவந்தனான். சளி துப்பச் சொல்லி ஒரு டப்பா தந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைக்குச் சளி துப்பத் தெரியுமா? எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு எச்சிலைத் துப்பினாள். அதில் ஒன்றும் காணவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இப்படித்தான், வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். துணைக்கு வந்த நபீஸா மதினி, உங்கள் கூடப்பிறந்த காக்காவின் பெண்சாதி, முந்திக்கொண்டா. ஒருவருக்கும் இல்லை, தன் புருசனுக்குத் தொய்வு மட்டும்தான், சின்ன வயதிலிருந்தே உள்ள மூச்சிழுப்பு என்றா. நீங்கள் எனக்கும் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தீர்கள்! பாணி மருந்தோடு வீட்டுக்குப் போனோம்.

நேற்று மதினியின் மகள் லைலா தனியாக வந்து நின்றாள். கலியாணம் நிச்சயித்து வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை, ஒருவரிடமும் சொல்லாமல் லாஞ்சி ஏறி வந்திருக்கிறாள். தேம்பித் தேம்பிச் சொன்னாள். தன் வாப்பாவுக்கு இருப்பது தொய்வல்லவாம், சயமாம். நீங்களே கொழும்புக்குக் கூட்டிப்போய் ஊசி போடுவித்தீர்களாம். அவர் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டாராம். கலியாணம் முடியும்வரை ஒருவரும் மூச்சுக் காட்டக் கூடாது என்றது நீங்கள்தானாம். யாருக்காக மறைத்தீர்களோ, அவளே வந்து சொன்னாள்.

ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னேன். அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் சளியைப் பார்த்துக்கொண்டிராமல் அப்போதே மருந்தைத் தொடங்கியிருப்பேன் அம்மா என்றார்.

பெருநாளுக்கு வந்தபோது, எல்லாரும் ஒன்றாய்ச் சாப்பிடும் சஹனில் காக்காவோடு பிள்ளையை இருத்தாதே, தனித்தட்டில் சோறு கொடு என்றீர்களே, அதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. அதே வாயால் அவளை அவரிடம் குர்ஆன் ஓதவும் அனுப்பச் சொன்னீர்கள். லைலாவின் மாப்பிள்ளை வீட்டார் அதே தெருவில் என்பதால், இருமல் வெளியே கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையை முன்னால் இருத்தி அலிபு, பே சொல்லிக் கொடுத்தார். இந்த வருத்தம் சோற்றால் வருவதில்லையாம், மூச்சால்தானாம். அல்லாஹ்வே, உங்கள் புத்தியை நான் என்னவென்று சொல்ல!

இன்று காலை மதினி வந்து லைலாவைக் கையில் பிடித்து இழுத்துப்போனா. காக்காவையும், அவரிடம் ஓதும் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொல்கிறார் டொக்டர் என்றேன். குடி கெடுக்கப் பிறந்தவளே என்று என்னைப் பார்த்து ஆஸ்பத்திரி வாட்டே கேட்கக் கத்தினா. லைலா சொன்னபடி, பின்னேரம் அசர் தொழுகை முடிய இப்போதும் அயல் பிள்ளைகள் அந்த அறையில்தான் ஓதுகிறார்களாம். கதவு சாத்தித்தானாம். அசனா இருந்த பாயில் பக்கத்து வீட்டு முனாபின் சின்ன மகள் இருக்கிறாளாம்.

காக்கா உங்கள் சொல்லைத்தான் கேட்பார். கடிதம் கண்ட உடனே புறப்படுங்கள். ரெயிலால் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டாம். நேரே மூதூருக்குப் போங்கள். போய் அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள். காக்காவைக் கையில் பிடித்துக்கொண்டு லாஞ்சி ஏறுங்கள். அதற்குப் பிறகு எங்களிடம் வாருங்கள்.

உங்களுக்கும் காக்காவுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். மகளுக்கு என்ன கேட்டு துஆச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதை நீங்கள் வந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
அசனாவின் உம்மா
றஹ்மா